விமானம் பிடிக்க ஒரு கேமரா

இருபத்தெட்டு வருடமாக நான் படம் பிடித்தவர்கள் யாரும் அசைந்ததில்லை. கல்யாணப் பெண் அசைய மாட்டாள், அலங்காரம் கலைந்துவிடும் என்று பயம். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவன் மூச்சைக்கூட வெளியே விட மாட்டான். மூன்றாவது வகை வாடிக்கையாளருக்கு அசைய வழியே கிடையாது. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிற எனக்குச் சோறு போட்டதில் பாதி அந்த மூன்றாவது வகைதான்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் குளிப்பாட்டி, மாலை போட்டு, வாசலில் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். தலை சாயாமல் இருக்கத் தாடையோடு சேர்த்துத் துணி கட்டியிருக்கும். குடும்பம் மொத்தமும் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்ளும். கூலி வேலைக்கே போய் ஆயுசைக் கழித்த பலருக்கு ஒழுங்காக எடுத்த படம் அது ஒன்றுதான். ஆதார் அட்டையில் இருப்பதை எல்லாம் படம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பதினாறாம் நாளுக்குள் நான் அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, துணிக்கட்டை அழித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, மூடிய கண்ணைத் திறந்து, பிரேம் போட்டுக் கொடுக்க வேண்டும். தொழிலில் இதற்குக் கண் திறக்கிறது என்றே பெயர். எல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிற வேலை.

திறக்கக் கண் வேண்டுமே, அதற்கு எங்கே போவது? வேறு யாராவது உயிரோடு இருக்கிறவர் கண்ணை எடுத்துப் பிணத்துக்கு வைத்தேன் என்று வெளியே தெரிந்தால் ஸ்டுடியோ கண்ணாடி மிஞ்சாது. அதனால் என் கண்ணையே வைத்தேன். அதிலும் வலது கண்ணை மட்டும்தான். இடது கண் சின்ன வயதில் களத்துமேட்டில் நெல் தெறித்துப் பார்வை போனது. வலது கண்ணைப் பளிச்சென்று ஒரு படம் எடுத்து, அதையே திருப்பிப் போட்டு இடது கண்ணும் செய்து, கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்தேன். ஆம்பளைக்கு அப்படியே, பொம்பளைக்கு இமைமுடி கொஞ்சம் கூட்டி. சுற்றுப்பட்டு ஊர்களில் எத்தனையோ வீட்டுச் சுவரிலிருந்து செத்தவர்கள் என் வலது கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் காஞ்சிபுரத்தில் கண் டாக்டரிடம் போனேன். அந்த ஒற்றைக் கண்ணிலும் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறது என்றார். போனது வராது, மருந்து விட்டால் போவது மெதுவாகும், எவ்வளவு மெதுவாக என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் வருவது என் சுபாவம். பார்வை போவது என்றால் ஓரத்திலிருந்து கறுப்பாகப் படர்ந்து வரும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். தினமும் காலையில் எழுந்ததும் சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்ப்பேன். எங்கேயும் கறுப்பு இல்லை என்றால் அன்றைக்கு நிம்மதி.

அந்த நிம்மதி இருக்கும்போதே சென்னைக் கடற்கரையில் விமான சாகசம் நடக்கப்போவதாக டிவியில் சொன்னார்கள். தாம்பரத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானங்கள் எங்கள் தலைக்கு மேல் வட்டமடித்துத் திரும்புவதைக் காலமெல்லாம் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். ஒன்றைக்கூடப் படம் எடுத்ததில்லை. கறுப்பு வருவதற்குள் அசைகிற ஒன்றை, அதுவும் பறக்கிற ஒன்றை, ஒரே ஒரு தடவை பிடித்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

மனைவியிடம் சொன்னேன். "அம்பத்திரண்டு வயசுல ஏரோப்பிளேன் பைத்தியம் புடிச்சிகீது. நல்லா இருக்குதுய்யா உன் நாயம்" என்றாள். பிறகு மருந்து பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

என்னிடம் இருந்தது கல்யாணக் கேமரா. அதன் லென்ஸில் விமானம் கடுகளவு விழும். காஞ்சிபுரத்தில் கேமரா விற்கிற, பழசை வாங்குகிற ஒரு கடைக்காரர் எனக்குப் பல வருடப் பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"ண்ணா, சாவு வூட்டுல எடுக்கற கேமராவ வெச்சிக்கினு ஏர்ஷோவுக்குப் போவ முடியாது. அதுக்கு மூணு விசயம் வோணும். தூரத்தக் கிட்ட இஸ்துக்கினு வர்ற லென்ஸ். ஓடறத வுடாம புடிக்கிற போகஸ். நொடிக்கு இருபது படமாவது தள்ளற வேகம். மூணுல ஒண்ணு இல்லன்னா வெறும் வானத்ததான் எடுத்துக்கினு வருவ."

மூன்று கேமரா காட்டினார். வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றாக எடுத்துப்போய் இரண்டிரண்டு நாள் சோதித்துப் பார்க்கச் சொன்னார். என் கண் விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

முதலாவது கண்ணாடி வைத்த பழைய வகை. கட்டுமஸ்தான உடம்பு, நீளமான லென்ஸ், தூக்கினால் தோள் இறங்கும். ஏரிக்கரையில் நின்று பருந்தைக் குறி வைத்தேன். எங்கள் ஊர் ஏரிக்கு மேல் பருந்துக்குப் பஞ்சமே கிடையாது, விமானம் மாதிரியேதான் அதுவும் சரிந்து திரும்பும். ஆனால் இந்த வகையில் ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் உள்ளே கண்ணாடி மேலே போய், பார்க்கிற துளை ஒரு கணம் இருண்டு திரும்பும். மற்றவர்களுக்கு அது தெரியவே தெரியாது. எனக்கோ அந்த இருட்டு விலகும்போது பருந்து இருக்காது. திரும்பத் தேடிப் பிடிப்பதற்குள் அது அடுத்த கரைக்குப் போய்விடும். ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று பனைமரங்களை நன்றாக எடுத்திருந்தேன்.

இரண்டாவது, லென்ஸ் கழற்ற முடியாத வகை. கைக்கு அடக்கமாக இருக்கும், ஆனால் எங்கேயோ போகிறதை மூக்குக்கு முன்னால் கொண்டுவந்துவிடும். அதில் நிலாவை எடுத்துப் பார்த்து மனைவி அசந்துபோனாள். நிலா நிற்கும். பருந்து நிற்காது. போகஸ் முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருந்தது, கண் தெரியாதவர் படியைக் காலால் தேடுகிற மாதிரி. எனக்கு எரிச்சல் வந்தது. கோபம் கேமரா மேல்தானா என்று எனக்கே சந்தேகம். அடுத்த பஸ்ஸிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது, கண்ணாடி இல்லாத புது வகை. துளையில் தெரிவது நிஜமல்ல, உள்ளே ஒரு குட்டித் திரை. தொடர்ந்து அமுக்கினாலும் இருளாது. அதை விட, எதைத் தேட வேண்டும் என்று நாமே சொல்லி வைக்கலாம். மனிதன், விலங்கு, பறவை, வண்டி, விமானம். சொல்லிவிட்டால் அதுவே ஒரு சின்னப் பச்சைப் பெட்டியைப் போட்டுக்கொண்டு தொடரும். முதல் பருந்தையே அது கவ்விப் பிடித்தது. மூக்கு, இறக்கை, வால் நுனி, அத்தனையும் கத்தி மாதிரி. ஏரிக்கரையில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி ஒதுங்கிப் போனாள்.

ஸ்டுடியோவுக்கு வந்து மனைவியிடம் கொடுத்தேன். அவள் பட்டன்களை நோண்டுகிறவள். தெரிந்த முகம் ஒன்றைப் பதிந்து வைத்தால், கூட்டத்தில் அந்த முகத்தையே முதலில் தேடிப் பிடிக்கும் வசதி அதில் இருந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைத் தவற விடாமல் இருக்க வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. பதிந்த முகம் கிடைத்தால் பச்சைப் பெட்டியின் தலையில் ஒரு நட்சத்திரம் தெரியும்.

"மொதல்ல உன் மூஞ்சிய இதுக்குச் சொல்லி வெக்கிறேன். தொலஞ்சி போனா இத வெச்சித் தேடிக்கலாம்" என்று என்னைப் படம் எடுத்துப் பதிந்துவிட்டாள்.

மறுநாள் பக்கத்துப் பெருநகர் கிராமத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இறந்துபோன அவர் கணவருக்கு நான் கண் திறந்து படம் கொடுத்திருந்தேன். நடவுக்கும் அறுப்புக்கும் போய்க் காலம் தள்ளிய குடும்பம். படம் மங்குகிறது, நேரில் வந்து பார் என்றார். வயலில் கொக்கு பறக்கும், சோதித்துப் பார்க்கலாம் என்று மூன்றாவது கேமராவையும் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பகல் பதினொரு மணி இருக்கும். ஓலைக்குப் பதிலாகச் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. கதவுக்கு எதிர்ச் சுவரில் படம், சந்தன மாலை, கீழே சின்ன விளக்கு. அந்த அம்மா எனக்கு மோர் கொடுத்துவிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"முன்னெல்லாம் நான் எங்க போனாலும் பாத்துக்கினே இருப்பாரு தம்பி. அடுப்பாண்ட போனா அங்க பாப்பாரு. வாசல்ல குந்திகினா அங்க பாப்பாரு. இப்ப கொஞ்ச நாளா பாக்க மாட்டேன்றாரு."

"கலர் மங்கியிருக்கும்மா. வெளிச்சம் பட்டா அப்டிதான் ஆவும்" என்றேன்.

"மத்ததெல்லாம் அப்டியே கீதே. சட்ட வெள்ளையா கீது, நாமம் செவப்பா கீது. கண்ணு மட்டும் எதுக்குப் போவுது?"

கிட்டப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். சட்டை அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் பளபளப்பு இல்லை, மேலே மெல்லிய பால் படிந்த மாதிரி இருந்தது. கறுப்பு மை மற்ற மைகளுக்கு முன்னால் வெளுப்பது உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி உண்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி, அளவு பார்க்கப் படத்தைப் படம் எடுக்கக் கேமராவைத் தூக்கினேன். காலையில் பஸ்ஸில் ஒரு குழந்தையை எடுத்ததால் அது மனிதரைத் தேடும் நிலையில் இருந்தது. துளையில் அந்த அம்மா நின்றார், உயிரோடு, முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு. பச்சைப் பெட்டி அவர் முகத்தில் நிற்கவே இல்லை. வழுக்கிக்கொண்டு சுவருக்குப் போய், படத்தில் இருந்தவரின் கண் மேல் உட்கார்ந்தது. பெட்டியின் தலையில் நட்சத்திரம் இருந்தது.

கேமராவைக் கீழே இறக்கினேன். திரும்பத் தூக்கினேன். மறுபடியும் நட்சத்திரம். இயந்திரத்துக்குத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்று, அது என்னுடையது. அதை அது அந்தச் சுவரில் பார்த்துக்கொண்டிருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, பயந்துபோனேன்.

"இன்னா தம்பி, தூக்கறதும் எறக்கறதுமா கீற?"

"ஒண்ணுமில்லம்மா, வெயிட்டான கேமரா."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டார். "அது உன் கண்ணுதானே?"

நான் லென்ஸ் மூடியைத் தேடி எடுத்து மூடினேன்.

"எனக்கு மொத நாளே தெரியும். அவுரு கண்ணு சின்னது, உள்ள போயிருக்கும். நாப்பது வருசம் பாத்த கண்ணு எனக்குத் தெரியாதா? பசங்க சந்தோசமா பாத்துக்கினு நின்னாங்க, சரி, யாரு கண்ணா இருந்தா இன்னா, பாத்தா போதும்னு வுட்டுட்டேன்." விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக் கேட்டார். "உனுக்குக் கண்ணு நல்லா கீதா தம்பி?"

நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். செய்யாற்றுப் பக்கம் வயல்களில் கொக்குகள் கூட்டமாக எழுந்தன. நான் கேமராவைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

அன்றைக்கே கடைக்காரருக்குப் போன் செய்து மூன்றாவதும் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். என்ன சொல்வது? உன் கேமரா செத்தவர் படத்தைப் பார்த்து அது நான்தான் என்கிறது என்று சொன்னால் சிரிப்பார். பிறகு யோசித்துப் பார்த்தேன். முதல் கேமராவில் விமானம் வராது. இரண்டாவதில் நிச்சயமாக வராது. மூன்றாவதில் மட்டும்தான் வரும். என்னைப் பயமுறுத்திய கேமராதான் என்னால் முடியாததைச் செய்யக்கூடிய கேமரா. இன்னொரு சாகசம் வரும்வரை காத்திருக்க எனக்குக் கண் இருக்குமா? சாயந்திரம் மறுபடி போன் செய்து அதையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். மனைவி பதிந்து வைத்த முகத்தை மட்டும் அழித்துவிட்டேன்.

சாகசத்தன்று விடியற்காலையில் பஸ் பிடித்து இருவரும் கடற்கரைக்குப் போனோம். மணலெங்கும் ஒரே தலையாக இருந்தது. வெயில் கொளுத்தியது. மனைவி ஒரு கையில் குடையும் ஒரு கையில் தண்ணீருமாக நின்றாள். சத்தம் முதலில் வந்தது, மார்பெலும்புக்குள் அதிர்ந்தது. சனம் கத்தியது. நான் துளையில் கண்ணை வைத்துத் தேடினேன். அவ்வளவு நீள லென்ஸில் வானத்தின் ஒரு துண்டுதான் தெரியும். அதற்குள் விமானத்தைக் கொண்டுவர வேண்டியது மனிதனின் வேலை, கொண்டுவந்தால்தான் கேமரா கவ்வும். இதைக் கடைக்காரர் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. இரண்டு விமானம் இப்படியே போயிற்று.

மனைவி குடையைக் கீழே போட்டாள். பின்னால் வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ அமுக்கறத மட்டும் பாரு. நான் திருப்பறேன். தோ வருது. மேல, இன்னும் மேல. இப்ப இந்தப் பக்கம். மெதுவா. தோ, தோ, அமுக்குய்யா!"

பச்சைப் பெட்டி தோன்றியது. நீலத்தில் இடமிருந்து வலமாக ஓடியது. பெட்டிக்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வெறும் நீலம். தூரம் அதிகம், திரை சின்னது, வேர்வை வேறு என்று நினைத்துக்கொண்டு அமுக்கிக்கொண்டே இருந்தேன். அவள் கைகள் என் தோளைத் திருப்பிக்கொண்டே போயின. பெட்டி நின்றதும் விரலை எடுத்தேன். அந்த வெயிலில் கேமராவின் பின்பக்கத் திரை எனக்குத் தெரியவில்லை. அவள் புடவையால் நிழல் கட்டிப் பார்த்தாள்.

"வந்துகீதுய்யா" என்றாள். "ரெக்க, வாலு, எல்லாம் வந்துகீது."

வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை ஸ்டுடியோவைத் திறந்ததும் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நூற்றுக்கு மேல் படம். முதல் படம் வெறும் வானம். இரண்டாவதும். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன். கடைசி வரை நீலம். ஒரு காக்கைகூட இல்லை.

மனைவி டீ கொண்டுவந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"எதுக்குப் பொய் சொன்ன? நான் இன்னா கொழந்தையா?"

"யார்யா பொய் சொன்னது?"

"பாரு. ஒண்ணுமே இல்ல. எல்லாம் காலி."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டீயை மேசையில் வைத்தாள். "தோ கீதே" என்று விரலைத் திரையில் வைத்தாள். "கட்ட வெரல் மாதிரி இம்மாம் பெருசு கீது. ரெக்கையில மூணு கலர் வட்டம்கூட கீது."

அவள் விரல் நுனியைப் பார்த்தேன். நகம் தெரிந்தது. நகத்துக்கு முன்னால் வானம் மட்டும் இருந்தது. அடுத்த படத்தைத் தட்டினேன். அவள் விரல் தயங்காமல் கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்தது. அடுத்தது, இன்னும் கொஞ்சம். கேமரா எந்த இடத்தில் போகஸ் பிடித்தது என்று காட்டும் குறி ஒன்று இருக்கிறது, கேட்டால்தான் வரும். அதைத் தட்டினேன். சின்னச் சிவப்புப் பெட்டி ஒன்று அவள் விரல் நுனியை ஒட்டி வந்து நின்றது. நான் அவளிடம் பேசுவதற்காகக் கொஞ்சம் திரும்பினேன். பார்வை அவள் மணிக்கட்டு வளையல்களில் விழுந்தது.

அப்போது தெரிந்தது. வளையலைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் கண்ணின் ஓரத்தில், சாம்பல் நிறத்தில், மூக்கை உயர்த்திக்கொண்டு, விமானம் முழுசாக இருந்தது. நேராகப் பார்த்தேன், போய்விட்டது. வளையலைப் பார்த்தேன், வந்தது. அவ்வளவு துல்லியமான படத்தை நான் வாழ்நாளில் எடுத்ததில்லை.

கறுப்பு வரும் என்று தினமும் காலண்டரைப் பார்த்துக் காத்திருந்தேன். கறுப்பு வரவே வராது. துணிக்கட்டை அழிக்க நான் என்ன செய்கிறேன்? பக்கத்துக் கன்னத்துத் தோலை எடுத்து மேலே பூசிவிடுகிறேன், கட்டு இருந்த இடமே தெரியாது. என் கண் எனக்கு அதையே செய்துகொண்டிருக்கிறது. விமானத்தை எடுத்துவிட்டு வானத்தைப் பூசிவிட்டது. எத்தனை மாதமாக, எதையெல்லாம் எடுத்துவிட்டு எதையெல்லாம் பூசியது என்று எனக்கு எப்படித் தெரியும்? போன வாரம்கூட அவளைப் பின்னால் உட்கார வைத்து வண்டி ஓட்டினேன். ரோடு காலியாக இருக்கிறது என்று வேகமாகப் போனேன்.

"நல்லாதானே வந்துகீது?" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. அவளுக்கும் புரிந்துவிட்டது.

"நல்லா வந்துகீது" என்றேன், வளையலைப் பார்த்துக்கொண்டே.

அவள் என் பக்கம் குனிந்தாள். மூச்சு என் கன்னத்தில் பட்டது. நிமிர்ந்து அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.